முப்போகம் விளைந்த ஊர்

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம், வைகாசி மாசம். கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் டிப்டி கலெக்டர் ஒருவர் முகாம் போட்டிருந்தார். அந்தத் தோப்பில் எங்கள் ஊருக்காக நான் பேசினேன். மொத்தம் நாலைந்து நிமிஷம் பேசியிருப்பேன். நினைத்துக்கொண்டால் இன்றைக்கும் காது சூடாகிறது.

எங்கள் ஊர் மொரப்பூர் ரயில் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அறுபது வீடுகள், ஒரு ஏரி, ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல் வயல், மற்றதெல்லாம் ராகியும் சோளமும் விளைகிற மேட்டுக்காடு. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. வெளியூர் ஹைஸ்கூலில் என்னைச் சேர்த்து, ஹாஸ்டலுக்கு மாசாமாசம் ராகி மூட்டையைத் தலையில் சுமந்து வந்து இறக்கிவிட்டுப் போவார். நான் பரீட்சை தேறி ஊர் திரும்பியபோது பட்டணத்திலிருந்து உத்தியோகஸ்தர் வந்துவிட்ட மாதிரி ஊரே திரும்பிப் பார்த்தது. எனக்கும் அப்படித்தான் நினைப்பு.

பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் மாணவர் சங்கம் கூடும். ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேச வேண்டும். எந்த விஷயமானாலும் முதலில் நாட்டு வளம், பிறகு நீர் வளம், பிறகு மக்கள் பெருமை, அதற்கப்புறம்தான் சொல்ல வந்த சங்கதி என்று ஒரு முறை வைத்திருந்தோம். நல்ல சொற்களாகக் கண்ணில் பட்டதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வேன். ஒரு வருஷம் பேச்சுப் போட்டியில் பித்தளை மைக்கூடு ஒன்று பரிசாகக் கிடைத்தது. அந்த மைக்கூட்டை வீட்டு மாடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அப்பா வைத்திருந்தார்.

இனி ஏரி விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் மதகு என்று எழுதுவதை எங்கள் பக்கத்தில் தூம்பு என்போம். ஏரித் தண்ணீரைத் திறந்து மூடுகிற வாசல் அது. அதன் வாய்க்கல் இரண்டு வருஷத்துக்கு முன் பெருமழையில் பிளந்துபோயிற்று. அன்று முதல் தண்ணீர் இரவும் பகலும் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஏரிக்குக் காவலாக இருந்த நீர்க்காரர் வைக்கோற்பிரியையும் களிமண்ணையும் திணித்துத் திணித்துப் பார்த்தார். மாசி வரை நிற்க வேண்டிய தண்ணீர் தை பிறக்கும்போதே வற்றிவிட்டது. நெல் பால் பிடிக்கிற சமயத்தில் காய்ந்தது. ஏரியை நம்பியிருந்த ஊர்க் கிணறுகளிலும் ஊற்று விட்டுப்போக, பெண்டுகள் குடத்தோடு அடுத்த ஊருக்கு நடந்தார்கள். மூன்றாம் வருஷமும் இப்படியே போனால் தாங்காது என்று வயலுள்ள இரண்டு குடும்பங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடப் பேசிக்கொண்டிருந்தன.

அர்ஜி எழுதிப் போட்டும் பதில் வரவில்லை. அதிகாரியே முகாமுக்கு வருகிறார், நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஊர் கூடியது.

"யாரு பேசறது?" என்றார் ஒருவர்.

"மணியக்காரருதான்" என்று ஒரு குரல்.

ஊர் வரி வசூலிக்கிற மணியக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "என்னைய உட்ருங்கப்பா. தொப்பிக்காரனைக் கண்டா எனக்கு நாக்கு மேல ஒட்டிக்குது."

"அப்ப நீர்க்காரனைச் சொல்லச் சொல்லுங்க. அவனுக்குத்தான தூம்பு சங்கதி அத்தனையும் அத்துபடி."

"அவன் போயி தொரை முன்னால என்னத்தைப் பேசுவான்? அதுக்குத்தான் நம்மூருல படிச்ச பையன் ஒருத்தன் இருக்கானே!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பார்த்தது அப்பாவை. அவர் தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

"எம்மவன் பேசுவானுங்க" என்றார்.

மறுநாளே மொரப்பூர் போய், தமக்குத் தெரிந்த பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவிடம் ஒரு கோட்டு இரவல் வாங்கி வந்தார். வைகாசி வெயிலில் கறுப்புக் கம்பளிக் கோட்டு! போட்டுப் பார்த்தேன். கை நீளம் விரல் நுனியைத் தாண்டியது. "பேசறப்ப கையத் தூக்கிக்கிட்டுப் பேசு, சரியாயிடும்" என்றார்.

நான் நாலு பக்கம் எழுதினேன். தனியாகச் சத்தம் போட்டுப் பழக இடம் வேண்டுமே! ஏரிக்குள் இறங்கி நடு ஏரியில் நின்று பேசிப் பழகினேன். காலடியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "கடலோ என்று கண்டவர் மயங்கும் பரப்புடையது எங்கள் ஏரி!" என்று அந்த வெடிப்பில் நின்றுகொண்டு முழங்கியிருக்கிறேன். அப்போது அது வேடிக்கையாகவே படவில்லை என்பதுதான் ஆச்சரியம். கரை மேல் போன நீர்க்காரர் நின்று பார்த்துவிட்டு, "சின்னவரே, யாருகிட்டப் பேசறீங்க? அங்க ஓணான்கூட இல்லீங்களே" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

முகாமன்று பத்துப் பன்னிரண்டு பேர் விடியற்காலையிலேயே புறப்பட்டோம். தோப்பில் பல ஊர்க் கூட்டம். அதிகாரி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் என்று சொன்னார்கள். நடுத்தர வயசு, களைத்த முகம். மாலை ரயிலுக்கு அவர் மொரப்பூர் போக வேண்டும், ஒவ்வொரு ஊருக்கும் பத்து நிமிஷம்தான் என்று சேவகன் கத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு குமாஸ்தா, யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொண்டே இருந்தார்.

எங்கள் முறை வந்தது. அப்பாவும் மற்றவர்களும் எனக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார்கள். நீர்க்காரர் எங்களோடு உட்கார ஊர் வழக்கம் இடம் கொடுக்காது. தூரத்தில் ஒரு மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூம்பைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே ஆள் எல்லாருக்கும் கடைசியில் நின்றார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

கோட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்.

பேச்சு அருமையாக வந்தது. பொய்யில்லை, அப்படி ஒரு நாளும் வந்ததில்லை. வளம் கொழிக்கும் வயல்கள் என்றேன். கடல் போன்ற ஏரி என்றேன். கெண்டைகள் துள்ளும் வாய்க்கால் என்றேன். கரும்பும் கமுகும் வழி மறைக்கும் சோலை என்றேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கமுகு என்றால் பாக்குமரம் என்றே தெரியாது. பசி என்ற சொல்லை அறியாத மக்கள், முப்போகம் விளையும் பொன்னான பூமி என்று குரலை உயர்த்தியபோது பக்கத்து ஊர்க்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். இரண்டாம் பக்கம் முடிந்திருந்தது. தூம்பு நாலாம் பக்கத்தில் வரும்.

அதிகாரி கையைத் தூக்கினார். "கொஞ்சம் நில்லு தம்பி. முப்போகமா?"

அவர் ரசிக்கிறார் என்று நினைத்துவிட்டேன். "ஆம்! முப்போகம்!" என்று முன்னைவிட உரக்கச் சொன்னேன்.

அவர் மணியக்காரர் பக்கம் திரும்பினார். "ஏன்யா, உங்க ஊர்க் கணக்குல ஒருபோகம்னுதானே இருக்கு? எத்தனை வருஷமா மூணு போகம் எடுக்கறீங்க?"

மணியக்காரர் எழுந்து நின்றார். சொன்னபடியே அவர் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. "அது வந்துங்க... சாமி... அது வந்துங்க..." அதற்கு மேல் வரவில்லை.

நெல் வயலுக்குச் சர்க்கார் வரித் தீர்வை போடுவதே எத்தனை போகம் விளைகிறது என்பதைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் முப்போகம் என்ற சொல்லை நான் நோட்டிலிருந்து எடுத்திருந்தேன். அதற்கும் வயலுக்கும் சம்பந்தம் உண்டு என்று நினைக்கவே இல்லை. ஒருபோகம் என்று கணக்கில் எழுதிவிட்டு மூன்று போகம் அறுக்கிற திருட்டு ஊர் என்று, ஊருக்காகப் பேச வந்தவனே அதிகாரி முன்னால் சாட்சி சொல்லியாகிவிட்டது.

"ஏரி கடல் மாதிரி இருக்கு. மூணு போகம் விளையுது. யாருக்கும் பசியில்லை. அப்புறம் என்னப்பா வேணும் உங்களுக்கு?" என்றார் அதிகாரி. கேலியாகச் சொல்லவில்லை. நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். பிறகு குமாஸ்தாவிடம், "எழுதியாச்சா? கையெழுத்து வாங்கிக்கும். விசாரிக்கச் சொல்லி ஆளனுப்பணும். அடுத்த ஊர் வரட்டும்" என்றார்.

குமாஸ்தா காகிதத்தை என் பக்கம் தள்ளிப் பேனாவை நீட்டினார். படித்துப் பார்த்தேன். அவர் அலங்காரத்தையெல்லாம் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் எழுதியிருந்தார். "ஏரியில் நீர் நிறைய இருக்கிறதென்றும், மீன் உண்டென்றும், கரும்பு பயிராகிறதென்றும், முப்போகம் விளைகிறதென்றும் ஊரார் தரப்பில் சொல்லப்பட்டது." அவ்வளவுதான். என் இரண்டு பக்கம் சுருங்கி நாலு வரியாக நின்றது. நாலு வரியும் பொய்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். அடுத்த ஊர்க்காரர்கள் எழுந்து முன்னே வர ஆரம்பித்தார்கள். அப்போது பின்னால் அப்பா பக்கத்து ஆளிடம் கேட்டது காதில் விழுந்தது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் பேசறான். அது எந்தூருங்க?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. குத்தலாகப் பேச அவருக்கு வராது. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. பிறந்தது முதல் அந்த ஏரிக்குக் கீழே ஏர் ஓட்டியவர், நான் சொன்னதில் தம் ஊரின் அடையாளம் ஒன்றுகூடக் கிடைக்காமல் வேறு ஏதோ ஊரைப் பற்றி மகன் அழகாகப் பேசுகிறான் என்று நினைத்திருக்கிறார்.

நான் பேனாவை மேஜை மேல் வைத்தேன்.

"பொய்ங்க" என்றேன்.

அதிகாரி நிமிர்ந்தார். "என்னது?"

"நான் சொன்னது அத்தனையும் பொய்ங்க."

தோப்பில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. மணியக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். எழுதி வைத்திருந்த காகிதத்தில், பொய் என்று ஒப்புக்கொண்ட பிறகு சொல்லும்படி ஒரு வரி இல்லை. சங்கத்தில் பழகிய தமிழும் அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை. வந்தது வீட்டில் பேசுகிற பேச்சுத்தான். முன்னால் என்னென்ன சொன்னேனோ அதே வரிசையில் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனேன்.

"கடலாட்டம் ஏரின்னேன் இல்லீங்களா? போன தை மாசமே அதுக்குள்ள பசங்க சடுகுடு ஆடுனாங்க. நான் இந்தப் பேச்சைப் பேசிப் பழகுனதே நடு ஏரியில நின்னுதானுங்க. கால்ல புழுதிதான் ஒட்டுச்சி."

சிரிப்பு இன்னும் இருந்தது. ஆனால் அதிகாரி சிரிக்கவில்லை.

"மீனுன்னேன். எருமை படுக்கறதுக்குச் சேறுகூட இல்லீங்க. கரும்பு எங்கூருல யாரும் போட்டதில்லீங்க. பசி தெரியாத சனம்னேன். எங்கம்மா ஒரு கொடம் தண்ணிக்கு அடுத்த ஊருக்கு நடந்துட்டு வர்றாங்க. அங்க கெணத்துக்காரங்க வைவாங்க. தலையக் குனிஞ்சிக்கிட்டு மொண்டுக்கிட்டு வருவாங்க. முப்போகம்னேன்... நெல்லு பாலு பிடிக்கறப்ப தண்ணி நின்னு போச்சிங்க. வெறும் பதரு. ரெண்டு வருசமா ஒரு போகமே வூடு வந்து சேரலீங்க."

அதோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"ஏன் தண்ணி நிக்கலை?" என்றார் அதிகாரி.

"தூம்பு வாய்க்கல்லு ரெண்டா ஒடஞ்சி போச்சிங்க."

"எவ்வளவு உடைசல்? தண்ணி எவ்வளவு போகுது?"

எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக ஊரே அழுத விஷயம், நாலு பக்கம் எழுதியவன் நான், ஒரு தடவைகூடத் தூம்பில் இறங்கிப் பார்த்ததில்லை.

"அது அவருக்குத்தானுங்க தெரியும்" என்று மாமரத்தடியைக் காட்டினேன். அவரை 'அவர்' என்று நான் சொன்னதைக் கேட்டு எங்கள் ஆட்கள் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். அதிகாரி கூப்பிட்டார். நீர்க்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"எம்மாம் பெரிய ஓட்டைன்னா, சாமி, என் ரெண்டு காலையும் சேத்து உட்டாலும் அடையாதுங்க. போன ஐப்பசியில ராவெல்லாம் உக்காந்தே அடைச்சேன். வெடிஞ்சி எந்திரிச்சேன், மறுபடி பிச்சிக்கிச்சி. நான் பாட்டுக்கு அங்கியே உக்காந்திருக்க முடியுங்களா? ஒரு கல்லு, ஒண்ணரை ஆள் நீளம். ரெண்டு வண்டி சுண்ணாம்பு. ஆடி மாசத்துக்குள்ள வெச்சிட்டா நிக்கும்ங்க. அப்புறம்னா மழை எறங்கிடும்."

"இத்தனை நேரம் நீ ஏன்யா வாயைத் திறக்கலை?"

"யாரும் கேக்கலீங்களே, சாமி."

அதிகாரி அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். குமாஸ்தாவிடமிருந்து காகிதத்தை வாங்கி, பழைய நாலு வரியைத் தாமே குறுக்குக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே தூம்பு விவரத்தை எழுதச் சொன்னார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்து வேண்டும் என்றார். முப்போகம் என்ற சொல்லின் மேல் மை ஈரமாக இருந்தது. அதன் பக்கத்தில் பெயரை எழுதினேன். நீர்க்காரர் கட்டை விரலை உருட்டினார்.

திரும்பி நடக்கும்போது மணியக்காரர் வழியெல்லாம் புலம்பினார். "சபையில போயி 'பொய்'னு ஒத்துக்கலாமாடா? 'தப்பாப் பேசிட்டேன்'னு சொல்லப்படாதா? மானம் போச்சே." அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அன்று வேறு எந்தச் சொல் சொல்லியிருந்தாலும் அதிகாரி தலை நிமிர்ந்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். நீர்க்காரர் பத்தடி பின்னால் வந்தபடி, "சின்னவரே, அந்த மூணாவது போகத்தை மட்டும் எங்க வூட்டுல எறக்கிடுங்க. ரெண்டு போகம் நீங்க வெச்சிக்குங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தேன்.

ஊர் எல்லைக்கு வந்ததும் அப்பா, "ரெண்டாவது சொன்னியே, அது நம்மூருதான்" என்றார். தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டார்.

ஆனி மாசம் ஓவர்சியர் வந்து அளந்தார். ஆடி கடைசியில் கல் வந்தது. சொன்ன நாளுக்கு வண்டி வராமல் மணியக்காரர் நாலு தடவை நடந்தது தனிக் கதை. கல்லைத் தூம்பு வாயில் இறக்கிய அன்று நானும் கயிறு பிடித்தேன். ஏரித் தூம்பு எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அந்த வருஷம் மாசி வரை தண்ணீர் நின்றது. மாட்டை ஓட்டிக்கொண்டு போவதாக இருந்த குடும்பங்கள் போகவில்லை. விளைந்தது ஒரே போகம். அது முழுசாக வீடு வந்தது.

இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. இப்போது நான் ஒரு ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பேச வைக்கிறேன். அந்தப் பழைய நோட்டை நான் எரித்துவிடவில்லை. அதிலுள்ள சொற்கள் இன்றும் எனக்குப் பிடிக்கும். தனியாக இருக்கும்போது வாய்விட்டுப் படிப்பேன். அவற்றின் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. யாரோ எங்கோ ஒரு நிறைந்த ஏரியைக் கண்ணால் பார்த்துவிட்டு மனம் பொங்கிச் சொன்ன சொற்களை, பார்க்காத நான் வறண்ட ஏரியின் மேல் போர்த்தினேன். குற்றம் அங்கே இருக்கிறது. அன்று அடித்துவிட்ட அந்த நாலு வரி இல்லாவிட்டால் இரண்டாவது பேச்சு பிறந்திருக்காது என்பதும் உண்மை. எந்தப் பொய்யை முதலில் எடுப்பது, எதில் முடிப்பது என்ற வரிசையை அந்தச் சங்கத்துப் பழக்கம்தான் கொடுத்தது.

இப்போதும் நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் என் கண் தானாகக் கடைசி வரிசைக்குப் போய் அங்கே தலைப்பாகை கட்டிய ஒருவரைத் தேடுகிறது. நான் பேசுவது எந்த ஊர் என்று அவருக்குத் தெரிந்தால், அன்றைக்கு நான் பேசியது பேச்சு.